பாதிரியாரைப் பார்க்கப் போகலாமா?

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஸுன்னத் என்பதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. நம் தெருவில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால் இஷாவுக்குப் பின் நாலு பேராவது அவர் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். ஆனால் நோயாளி பிற மதத்தவராக, அதிலும் அம்மதத்தின் குருவாக இருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியை வேறொருவர் கேட்டிருந்தால் கிதாபைப் புரட்டி உடனே பதில் சொல்லியிருப்போம். நமக்கே நேர்ந்தபோது பதினோரு மாதங்கள் தயங்கி நின்றோம். அந்தத் தயக்கத்தையும் அதனால் நாம் கற்ற பாடத்தையும் வாசக நேயர்களுக்குப் பயன்படட்டும் என்ற நிய்யத்தில் இங்கே எழுதுகின்றோம்.

மதரஸாவில் சேருவதற்கு முன், 2001-ஆம் ஆண்டு வரை, பக்கத்து நகரிலுள்ள கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தோம். அதன் தலைமையாசிரியர் ஒரு பாதிரியார். கணக்குப் பாடமும் அவரே நடத்துவார். வெள்ளிக்கிழமை பகல் 12.30 மணிக்கு முஸ்லிம் பிள்ளைகளை ஜும்ஆவுக்கு அனுப்பிவிடுவார். அதனால் தவறிய பாடத்தைச் சனிக்கிழமை காலையில் நம் போன்ற ஒன்பது பேரை மட்டும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். பாடம் முடியும் நேரத்தில் நம் ஓத்துப்பள்ளி லெப்பை சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார்கள். ஓத்துக்குப் போகாமல் நாம் நழுவிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு!

ஒருமுறை ஜும்ஆவுக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். திங்களன்று பாதிரியார் இருவரையும் தனியே அழைத்தார். "என்னை ஏமாற்றினால் பரவாயில்லை. யாரைத் தொழப் போவதாகச் சொன்னீர்களோ, அவனை ஏமாற்றாதீர்கள்" என்றார். அந்த இருவரில் நாமும் ஒருவர்.

அவர் முதுமையாலும் நோயாலும் நடமாட முடியாமல், கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி 2023 செப்டம்பரில் வந்தது. "ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா" என்றார்கள் வாப்பா. அப்போது ரபீஉல் அவ்வல் பயான்கள் இருந்தன. பிறகு மதரஸாப் பரீட்சை. அதன்பின் ரமளான். சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் உண்மைக் காரணம் அவையல்ல. தொப்பியும் ஜுப்பாவுமாகச் சிலுவை வைத்த வாசலில் நாம் நுழைவதை யாராவது கைப்பேசியில் படம் பிடித்து ஜமாஅத்தில் பரப்பிவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற அச்சமே காரணம். அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டிய உள்ளம் மனிதரின் நாவுக்கு அஞ்சியது. அவனே நம்மை மன்னிப்பானாக!

மார்க்கம் கூறுவது என்ன?

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு ஒரு யூதச் சிறுவர் பணிவிடை செய்து வந்தார். அவர் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவருடைய வீட்டுக்கே சென்று, தலைமாட்டில் அமர்ந்து விசாரித்தார்கள். இஸ்லாத்தை ஏற்குமாறும் அழைத்தார்கள். தந்தையின் இசைவோடு அச்சிறுவர் ஏற்றுக்கொண்டார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

"தஃவத்துக்காகத்தானே அங்கே சென்றார்கள்? வெறும் நலம் விசாரிக்கவும் போகலாமா?" என்று சிலர் வினவக்கூடும். இதற்கு நம் இமாம்கள் தெளிவாகவே விடை தந்துள்ளார்கள். யூதரையோ கிறிஸ்தவரையோ நோய் விசாரிக்கச் செல்வதில் குற்றமில்லை, அது அவர்களுக்குச் செய்யும் நன்மைகளில் ஒன்று, அந்த நன்மையை விட்டும் நாம் தடுக்கப்படவில்லை என்பது ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில் காணப்படும் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தங்களின் அத்கார் எனும் கிதாபில், இவ்வாறு செல்வது பொதுவாக ஆகும் என்றும், அண்டை வீடு, உறவு போன்ற உரிமை ஒன்று சேரும்போதே அது நன்மைக்குரிய செயலாகும் என்றும் ஓர் அறிஞரின் கருத்தை எடுத்துக் காட்டுகின்றார்கள். அண்டை வீட்டாருக்கே அந்த உரிமை உண்டென்றால், நமக்கு எழுத்தறிவித்தவருக்கு இல்லாமற் போகுமா?

மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாமலும், நம் வீடுகளை விட்டு நம்மை வெளியேற்றாமலும் இருப்போருக்கு நன்மை செய்வதையும் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது திருமறையின் 60-ஆவது அத்தியாயம் 8-ஆவது ஆயத்தின் கருத்து. இந்த ஆயத்தை மேடையில் எத்தனையோ முறை ஓதியிருக்கின்றோம். அந்த இல்லத்தின் வாசலில் நிற்கும் வரை அது நம்மைப் பார்த்தும் பேசுகிறது என்பதை உணரவில்லை.

படுக்கையருகே

2024 ஆகஸ்டில் ஒருநாள் அஸருக்குப் பின் போனோம். நீண்ட கூடத்தின் கோடியில் ஜன்னலோரமாக அவருடைய கட்டில். ஒரு காலத்தில் அவர் வருகிறார் என்றால் வராந்தாவே அடங்கிவிடும். இப்போது போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட இன்னொருவர் கை தேவைப்பட்டது. பெயரைச் சொன்னோம்; நினைவில்லை. "வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போன பையன் ஃபாதர்" என்றோம். சிரித்துவிட்டார்.

"இப்போ வெள்ளிக்கிழமை எங்கே போறீங்க?" என்று கேட்டார்.

"இப்போ நாங்கதான் ஃபாதர் குத்பா ஓதுறோம்."

நம் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சைக்கிள்லே வருவாரே லெப்பை, அவர் எப்படி இருக்கார்?" என்றார்.

"நல்லா இருக்காங்க ஃபாதர்" என்றோம்.

வாசக நேயர்களே! அது நாம் அறியாத செய்தி. இடுப்பெலும்பு முறிந்து லெப்பை அவர்கள் படுக்கையாகி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் வீடு நம் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில்தான் இருக்கிறது. முறிந்த புதிதில் ஒருமுறை போய்ப் பார்த்ததோடு சரி. நமக்கு அலிஃப், பே சொல்லித் தந்த நாவு எப்படி இருக்கிறது என்று கேட்க நமக்கு இரண்டு ஆண்டுகளாக நேரமில்லை. அங்கே போவதற்குச் சிலுவையும் தடையில்லை, ஜமாஅத்தும் தடையில்லை!

புறப்படும்போது பாதிரியார், "எனக்காகவும் கேளுங்க" என்றார். முஸ்லிமல்லாதவருக்காக நேர்வழியும் உடல் நலமும் ஆஃபியத்தும் வேண்டி துஆ செய்வது ஆகும் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களே எழுதியிருக்கின்றார்கள். ஆகவே மனித குலத்தின் இரட்சகனிடம், ஷிஃபா அளிப்பவன் நீயே, இவருடைய வேதனையைப் போக்குவாயாக என்று அவர் காதில் விழும்படி தமிழிலேயே கேட்டோம். நேர்வழியை உள்ளத்தில் கேட்டோம்.

அங்கிருந்து நேரே லெப்பை அவர்களின் வீட்டுக்குச் சென்றோம். எங்கிருந்து வருகிறோம் என்பதைச் சொன்னோம். அவர்கள் கூரையைப் பார்த்தபடி, "என் காலு ஒடிஞ்சப்போ அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு மவனே. கம்பு ஊனித்தான் வந்தாரு. ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தாரு" என்றார்கள். நாம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில், பார்வையிழந்த முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசிப்பதைக் கண்டார்கள். விசாரித்தபோது, தாம் ஒரு யூதர் என்றும், முதுமையும் வறுமையும் ஜிஸ்யாவும் தம்மை இந்நிலைக்குத் தள்ளின என்றும் அவர் கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பின்பு பைத்துல் மால் பொறுப்பாளரிடம், இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்குமாறு சொல்லி, ஜிஸ்யாவையும் நீக்கினார்கள். இவருடைய இளமையின் பலனை நாம் அனுபவித்துவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் கூறிய காரணம். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் இது பதிவாகியுள்ளது.

உமர் (ரலி) அவர்கள் இதை இரக்கம் என்று சொல்லவில்லை, நீதி என்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரக்கம் மனம் வந்தால் செய்வது. நீதியோ செலுத்தியே ஆகவேண்டிய கடன். நமக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர், ஓதித் தந்தவர், முப்பது வருடம் பாங்கு சொன்னவர், நம் பிள்ளைகளைப் பிரசவத்தில் கையேந்திய மருத்துவச்சி, இவர்கள் எல்லோருடைய இளமையின் பலனையும் நாம் அனுபவித்திருக்கின்றோம். இன்று அவர்கள் எந்தக் கட்டிலில் கிடக்கின்றார்கள் என்று நமக்குத் தெரியுமா?

அடியான் ஒருவன் நோயுற்றிருந்தபோது நீ விசாரிக்கச் சென்றிருந்தால் என்னை அவனிடம் கண்டிருப்பாயே என்று அல்லாஹுத்தஆலா மறுமையில் கேட்பான் எனும் ஹதீஸ் குத்ஸீ ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு, நேரமில்லை என்பது பதிலாகுமா?

செல்வோர் பேண வேண்டியவை

முதியோர் இல்லங்களில் பார்வையாளர் நேரம் உண்டு, கேட்டறிந்து செல்லவேண்டும். அங்கே அவர்களின் வழிபாடு நடந்துகொண்டிருந்தால் அதில் கலந்துகொள்ளாமல் வெளியே காத்திருக்கலாம்.

தின்பண்டம் கொண்டுபோகும் முன் என்ன நோய் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நாம் அல்வா வாங்கிப் போனோம். அவருக்குச் சீனி வியாதி! கன்னியாஸ்திரீ சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பங்கிட்டார்.

நின்றபடி பேசாமல் அருகில் அமரவேண்டும். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் நெற்றியில் கை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவிவிட்டார்கள். அந்தக் கரத்தின் குளிர்ச்சியைப் பிற்காலத்திலும் தாம் உணர்வதாக ஸஃது (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். யாரும் தொடாத முதியவருக்கு ஒரு கையின் ஸ்பரிசம் மருந்துக்குச் சமம்.

நலிந்து கிடப்பவரிடம் மதத் தர்க்கம் புரியலாகாது. மார்க்கத்தின் அழகை நம் நடத்தையே முதலில் சொல்லட்டும். அதிக நேரம் இருந்து அவரைக் களைப்படையச் செய்யவும் கூடாது.

முக்கியமாக, ஒருமுறை போனதோடு நிறுத்திவிடக் கூடாது. முதல் மாதத்தில் எல்லோரும் வருகிறார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் வருபவரையே நோயாளி ஜன்னல் வழியே எதிர்பார்த்திருக்கிறார்.

இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் சகோதர, சகோதரிகளே! உங்களுக்கு ஓதியும் படிப்பித்தும் தந்தவர்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களில் படுக்கையில் இருப்பவர் யார் என்று இன்றே விசாரியுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒருவரையாவது போய்ப் பாருங்கள்.

நாம் பட்ட கடன்களை, அவற்றைப் பெறவேண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செலுத்தும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.