ஒன்பதாம் இடம்

பள்ளி மாணவர் தலைவர் பதவி ஒன்றே. அதனை விரும்பும் மாணாக்கரோ பலர். ஒருவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும் அன்று மற்றவர் உள்ளம் வாடுதல் இயல்பு. பதினைந்து வயதில் அவ்வாட்டம் சிறியதன்று. பதவி கிட்டவில்லை என்பதைவிட, 'என்னை நம்புவார் இலரோ?' என்னும் ஐயமே இளம் நெஞ்சை மிகுதியாக வருத்தும். உணவு கசக்கும், மறுநாள் பள்ளிக்குச் செல்லக் கால் எழாது.

அந்நிலையில் பெற்றோரும் தோழரும் செய்யத்தக்கது யாது? 'இதுவும் ஒரு துன்பமா?' என்று நகைத்தால், துயரத்தோடு நாணமும் சேரும். 'ஆசிரியர் நடுநிலை தவறினார்' என்று பழித்தால், துயரம் பகையாக மாறும். குறுக்கிடாது கேட்பதே முதல் உதவி. வாடியவர் தம் மனக்குறையைச் சொல்லி முடித்த பின்னர், இனிச் செய்யத்தக்கது இன்னது என்று அவரோடு அமர்ந்து ஆராய்வது அடுத்த உதவி.

இத்தகைய உதவியைத் தக்க காலத்தில் பெற்றவர் அப்துல் கலாம். அவர் 1931ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்தவர். வானில் பறக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. சென்னையில் விமானப் பொறியியல் கற்றுத் தேர்ந்த அவர், இந்திய விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். தேர்வுக்கு வந்தோர் 25 பேர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் 8 பேர். கலாம் பெற்றதோ ஒன்பதாம் இடம்! ஓர் இடத்தால் கனவு கலைந்தது.

உளம் சோர்ந்த இளைஞர் ரிஷிகேசம் அடைந்து, கங்கையில் நீராடி, சிவானந்தர் ஆசிரமத்திற்குச் சென்றார். அவர் முகவாட்டத்தைக் கண்ட சுவாமி சிவானந்தர் அதன் காரணத்தை வினவினார். வந்தவர் இசுலாமியர் என்பதை அவர் வேற்றுமையாகக் கருதவில்லை. நிகழ்ந்ததைக் கேட்டறிந்து, தோல்வியை மறந்து தமக்குரிய வாழ்வின் நோக்கத்தைத் தேடுமாறு அன்போடு அறிவுறுத்தினார்.

தெளிந்த நெஞ்சோடு திரும்பிய கலாம், 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பணியேற்றார். 1980இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது, அத்திட்டத்தின் இயக்குநர் அவரே. 2002இல் குடியரசுத் தலைவரானார். அதனால் முப்படைகளுக்கும் தலைவரானார். 2006இல், தம் 74 வயதில், விமானப் படையின் சுகோய் போர் விமானத்தில் வானில் பறந்தார்.

தோற்றவர் அனைவரும் குடியரசுத் தலைவர் ஆவர் என்பதன்று இதன் கருத்து. ஒரு நாள் தேர்வு ஒருவருடைய தகுதி முழுவதையும் அளந்துவிடாது என்பதே இதனால் அறியத்தக்கது. பதவி இல்லையெனினும் பணி உண்டு. நூலகத்தை ஒழுங்குசெய்யலாம், பின்தங்கிய தோழருக்குப் பாடம் சொல்லலாம், வென்றவரை முதலில் வாழ்த்தி, அவர் பணிக்குத் துணைநிற்கலாம். வாடிய தோழன் அருகில் சென்று அமைதியாக அமரும் மாணவன், அப்பொழுதே தலைமைப் பண்பின் முதற்பாடத்தைக் கற்றவன் ஆவான்.