வண்டிக்குள் ஒரு லாச்சி: குளிர்ப்பெட்டிக்கு இழுதட்டுச் செய்யும் முறை

பல்லேகலையிலிருந்து திகனை, தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குப் போகும் ஏ 26 வீதியை நம்மில் பலர் அறிவோம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிலத்தை விட்டு எழும்ப வேண்டியிருந்தது. பழைய தெல்தெனிய நகரமும் நீருக்குள் போயிற்று. 1985இல் அணைக்கட்டு திறக்கப்பட்டது. சில குடும்பங்கள் மலையிறங்கி மகாவலி ‘சி’ வலயத்தில் குடியேறின. சில குடும்பங்கள் சிறு காணித்துண்டுகளோடு இங்கேயே சுற்றுப்புறத்தில் தங்கிவிட்டன.

காணி சுருங்கிய வீட்டுக்கு ஒரு சிறிய லொறியோ வானோ இருந்தால் அதுவே பாதி வயல். பால், தயிர், யோகட், காளான், கீரை ஆகியவற்றைத் தாமே கொண்டுபோய் விற்கும் குடும்பங்களுக்கு ஒரு குளிர்ப்பெட்டி பெரிய உதவி. ஆனால் அந்தப் பெட்டியை வண்டிக்குள் எப்படி வைப்பது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

1. இழுதட்டு எதற்கு?

மேசை லாச்சியை இழுத்தால் உள்ளே இருப்பது முழுவதும் கண்முன் வருகிறது. அதுபோலப் பெட்டியையே வண்டியின் பின்கதவுக்கு வெளியே இழுக்கும் தட்டுத்தான் இழுதட்டு. இதனால் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, முதுகு தப்பும். வண்டிக்குள் குனிந்து பாரம் தூக்குவதுதான் நாரி நோவுக்கு வழி. இரண்டாவது, குளிர் தங்கும். தேடித் துழாவும் நேரமெல்லாம் மூடி திறந்தே கிடக்கும். பெட்டி முழுவதாக வெளியே வந்தால் கண்டதை எடுத்து உடனே மூடலாம். மூன்றாவது, பெட்டிக்கு நிலையான ஓரிடம் கிடைக்கும். ஹசலகவுக்கு மேலேயுள்ள பதினெட்டு வளைவில் இறங்கும்போது கட்டாத பெட்டி வண்டிக்குள் ஓடித் திரியும். 45 கிலோ பெட்டி, திடீரென்று பிரேக் போட்டால் ஏறக்குறைய 30 கிலோ விசையோடு முன்னே தள்ளும். வண்டி மோதினால் அந்த விசை பல மடங்காகும். அதன் முன்னே இருப்பது சாரதியின் முதுகு.

2. பாரத்தின் கணக்கு

வேலை தொடங்குமுன் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். இழுதட்டு முறிவது பெரும்பாலும் இரும்பு மெலிந்ததால் அல்ல. தட்டை அளவுக்கு மிஞ்சி வெளியே இழுப்பதால்தான்.

தட்டின் நீளம் 75 சென்ரிமீற்றர், பெட்டியும் சரக்குமாக 45 கிலோ என்று கொள்வோம். பாரத்தின் நடு, தட்டின் நடுவில் இருக்கிறது.

தட்டை 50 சென்ரிமீற்றர் இழுத்தால் 25 சென்ரிமீற்றர் உள்ளே நிற்கும். அப்போது பாரத்தின் நடு, கதவு வாயிலிருந்து 12½ சென்ரிமீற்றர் வெளியே இருக்கும். தட்டின் பின் முனை மேலே எழும்பப் பார்க்கும். அதை அமத்திப் பிடிக்க வேண்டிய விசை 22½ கிலோ.

இன்னும் 10 சென்ரிமீற்றர் மட்டும் கூட்டி 60 இழுத்தால் என்ன ஆகும்? உள்ளே நிற்பது 15 சென்ரிமீற்றர்தான். பாரத்தின் நடு 22½ சென்ரிமீற்றர் வெளியே போய்விடும். பின் முனையைப் பிடிக்க வேண்டிய விசை 67½ கிலோ. பத்துச் சென்ரிமீற்றர் ஆசைக்கு மூன்று மடங்கு விசை! வாயில் இருக்கும் சில்லுகளின் மேல் விழும் பாரமும் 67½ கிலோவிலிருந்து 112½ கிலோவாக ஏறும்.

ஆகவே விதி இது: தட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே வரக்கூடாது. வெளியே தொங்கும் பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் நீளந்தான்.

3. தேவையான பொருட்கள்

- 75 சென்ரிமீற்றர் நீளமான இரும்புச் சனல் இரண்டு. உள் இடைவெளி 35 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும்.
- தட்டின் சட்டத்துக்கு ‘அங்கிள்’ என்று கடையில் கேட்கும் எல் வடிவ இரும்பு.
- 6201 இலக்கப் பெயாரிங் நான்கு. இதன் துளை 12, வெளி விட்டம் 32 மில்லிமீற்றர். கராஜில் கழித்த பெயாரிங்கும் இறுக்கமில்லாமல் சுழன்றால் போதும்.
- 18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை.
- 12 மில்லிமீற்றர் போல்ட் நான்கும் அதே தடிப்பில் இரும்பு ஊசி இரண்டும்.
- தளத்தில் பூட்ட 10 மில்லிமீற்றர் போல்ட் ஆறு, அகலமான வொஷர், கழராத நட்.
- பெட்டியைக் கட்ட இறுக்குப் பட்டி இரண்டு, துருப்பிடிக்காத பூச்சு.

4. செய்யும் முறை

(அ) முதலில் பெட்டியை அளவுங்கள். காற்றுத் துளைகள் உள்ள பக்கத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தட்டின் அளவைத் தீர்மானியுங்கள். சூடு வெளியேற வழியில்லாத குளிர்ப்பெட்டி பற்றரியைத் தின்னும், சரக்கைக் குளிர்விக்காது.

(ஆ) இரண்டு சனல்களையும் வாய்ப்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி சமாந்தரமாக வையுங்கள். முன்னும் பின்னும் குறுக்கு இரும்பு ஒட்டுங்கள். இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமில்லாவிட்டால் தட்டு இறுகும்.

(இ) ஒவ்வொரு சனலின் கதவுப்பக்க முனையிலும் ஒரு பெயாரிங்கை உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும்படி போல்ட்டில் பூட்டுங்கள். தட்டின் அடி இரும்பு இவற்றின் மேல் உருளும்.

(ஈ) தட்டின் பின் மூலைகள் இரண்டிலும் வெளிப்புறம் நீட்டிய பெயாரிங் பூட்டுங்கள். இவை சனலுக்குள் ஓடும். தட்டு வெளியே வரும்போது பின் முனை எழும்பாமல் பிடிப்பவை இவைதான். முறை விளங்காவிட்டால் வீட்டு மேசை லாச்சியின் தடத்தைக் கழற்றிப் பாருங்கள். அதே முறை, அளவுதான் பெரிது.

(உ) கதவு வாயிலிருந்து 25 சென்ரிமீற்றர் உள்ளே, இரு சனல்களிலும் குறுக்காக ஒரு தடைப் போல்ட் போடுங்கள். பின் பெயாரிங் இதில் முட்டி நிற்கும். சனலின் பின் முனையிலும் தடை வேண்டும். பிரேக் போடும்போது தட்டு முன்னே பாயாமல் காப்பது அது.

(ஊ) சட்டத்தை வண்டித் தளத்தில் வெல்டிங் செய்ய வேண்டாம். போல்ட்டால் பூட்டுங்கள்: வாயருகே ஒன்று, 25 சென்ரிமீற்றரில் ஒன்று, பின் முனையில் ஒன்று என ஒவ்வொரு பக்கமும் மூன்று. மர ஆணியும் திருகாணியும் உதவா. துளையிடுமுன் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். எண்ணெய்த் தாங்கியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று தெரியாமல் துளையிடக் கூடாது. உடம்பில் பெரிய மாற்றம் செய்வதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முச்சக்கர வண்டி இலேசானது. அதில் இந்த அளவில் இழுதட்டு வேண்டாம். சிறிய பெட்டியைப் பட்டியால் இறுக்கிக் கட்டினாலே போதும்.

5. இரண்டு பூட்டு

நமது ஊர்களில் சமதரை குறைவு. வண்டியின் முன்புறம் மேட்டைப் பார்த்து நின்றால் தட்டு தானாக வெளியே ஓடி வரும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் இழுத்த தட்டு திரும்ப உள்ளே ஓடி விரலை நசுக்கும். ஆகவே மூடிய நிலைக்கு ஒரு துளை, திறந்த நிலைக்கு ஒரு துளை என இரண்டு இடங்களில் துளையிட்டு, இரு பக்கமும் 12 மில்லிமீற்றர் ஊசி செருக வேண்டும். கதவுத் தாழ்ப்பாளை நம்ப வேண்டாம். பெட்டியைத் தட்டோடு இரண்டு பட்டியால் கட்டுங்கள்.

6. மின்சாரமா, ஐஸா?

12 வோல்ற் குளிர்ப்பெட்டி ஓடும்போது 4 அம்பியர் அளவில் எடுக்கும் என்று கொள்வோம். பாதி நேரம் ஓடினால் சராசரி 2 அம்பியர். 60 அம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் செலவழித்தால் 15 மணித்தியாலம் வரும். அதற்கு மேல் போனால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வயர் 4 சதுர மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கட்டும். பியூஸைப் பற்றரிக்கு அருகிலேயே போடுங்கள்; இல்லாவிட்டால் வயர் உரசித் தோல் போனால் தீப்பற்றும். தட்டு நகரும் அளவுக்கு வயரை வளையமாகத் தளர விடுங்கள்.

குளிர்ப்பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் றெஜிபோம் பெட்டியையும் ஐஸையும் இதே தட்டில் வைக்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 8 லீற்றர் பாலின் சூட்டை ஏறக்குறைய 10 பாகை குறைக்கும். 35 பாகையில் கறந்த 10 லீற்றர் பாலை 10 பாகைக்குக் கொண்டுவர மூன்று கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் வேண்டும். வழியில் உள்ளே வரும் சூட்டுக்கு மேலதிகமாக வையுங்கள். இயன்றால் பாலை முதலில் கிணற்று நீரில் வைத்து ஆற்றுங்கள். அது செலவில்லாத குளிர். ஐஸ் உருகிய நீர் தட்டில் தேங்காமல் ஒரு வடிகுழாயும் வேண்டும்.

7. சோதனை

சரக்கேற்றுமுன் தட்டில் இரண்டு சீமெந்துப் பை, அதாவது 100 கிலோ, வையுங்கள். தட்டை முழுவதும் இழுத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். தட்டின் முன் விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலிலும் கடைசியிலும் அளவுங்கள். பையை இறக்கிய பின்னும் தாழ்ந்தே நின்றால் எங்கோ இரும்பு வளைந்திருக்கிறது, திருத்துங்கள். பிறகு பூட்டி, கரடுமுரடான பாதையில் மெதுவாக ஓட்டிவந்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பொருட்களை வாங்கி ஒரே நாளில் வேலையை முடிக்கலாம். கணக்கை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். தட்டை இழுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான்.

கூடிப் பேசுவதற்கு

1. நமது வண்டியில் இப்போது கட்டாமல் கிடக்கும் பாரம் எது? பிரேக் போட்டால் அது யார் மேல் விழும்?
2. தட்டு 90 சென்ரிமீற்றர் நீளமானால் எவ்வளவு தூரம் இழுக்கலாம்?
3. சென்ற மாதம் சூட்டில் கெட்டு வீசிய பாலும் கீரையும் எவ்வளவு பெறுமதி? அந்தத் தொகைக்கு என்னென்ன பொருட்கள் வாங்கியிருக்கலாம்?