அதிகம் பேசாதவர் தொழில் தொடங்கினால்

"நாலு பேரோட கலந்து பழக மாட்டான், அவனுக்கு எதுக்கு வியாபாரம்? ஒழுங்கா ஒரு வேலைக்குப் போகட்டும்." படிப்பில் கெட்டியாக இருந்து, கல்யாண வீட்டில் ஓரமாக உட்காரும் பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் இப்படித்தான் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளையும் நம்பிவிடுகிறது. முப்பது வயதில் கையில் நல்ல தொழில் அறிவும் கொஞ்சம் சேமிப்பும் இருந்தும், "எனக்கு மார்க்கெட்டிங் வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. ஹாவ் ஜாவ், ஸ்காட் சைபர்ட் என்ற இரு ஆய்வாளர்கள், தொழில்முனைவோரையும் நிறுவன மேலாளர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் அலசினார்கள். பொறுப்புணர்வும் புதியதை ஏற்கும் மனமும் தொழில்முனைவோரிடம் கூடுதலாக இருந்தன. பதற்றமும் விட்டுக்கொடுக்கும் குணமும் குறைவாக இருந்தன. கலகலப்பாகப் பழகும் குணத்தில் மட்டும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இதில் நான் அடிக்கோடிட விரும்புவது விட்டுக்கொடுக்கும் குணத்தை. அமைதியானவர்கள் தொழிலில் அடிபடுவது பேசத் தெரியாததால் அல்ல. சங்கடமான ஒரு பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்று விலையில், பங்கில், பாக்கியில் இறங்கிப் போவதால்தான். இதற்கு மருந்தும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொண்டால், அந்தச் சங்கடமான நிமிடத்தில் புதிதாக முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது.

(ஆளுமைச் சோதனையில் வந்த நாலெழுத்தை வைத்துக்கொண்டு "என் டைப்புக்குத் தொழில் ஒத்து வருமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே சோதனையைச் சில வாரம் கழித்து எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. அதை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டாம்.)

ஆப்பிள் தொடங்கிய கதையை ஸ்டீவ் ஜாப்ஸ் பக்கமிருந்தே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஸ்டீவ் வோஸ்னியாக் பக்கமிருந்து பார்த்தால் நமக்குப் பாடம் அதிகம். அவர் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியாளர். 1975-ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டு கராஜில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியபோது அவரும் போனார். கூட்டத்தில் கை தூக்கிப் பேசக் கூச்சம். ஆனால் வேலை முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து வடிவமைத்த கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து ஓடவிட்டார். ஆட்கள் தாங்களாகவே சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு விளக்கமாகப் பதில் சொல்வது அவருக்குச் சிரமமாகவே இல்லை.

அதை விற்கலாம் என்று சொன்னது ஜாப்ஸ். பைட் ஷாப் என்ற கடையில் 50 கம்ப்யூட்டருக்கு, ஒன்று 500 டாலர் என்று ஆர்டர் பிடித்ததும் அவரே. மைக் மார்க்குலா முதலீடு செய்ய முன்வந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரவேண்டும் என்றபோது வோஸ்னியாக் முதலில் மறுத்துவிட்டார். கம்பெனி என்றால் ஆட்களை மேய்க்க வேண்டும், நிர்வாகம் செய்ய வேண்டும் என்ற பயம். நண்பர் ஆலன் பாம் போனில் பேசி, கம்பெனி தொடங்கியும் கடைசி வரை பொறியாளராகவே இருக்கலாம் என்று புரியவைத்த பிறகுதான் சம்மதித்தார். உங்களைத் தடுப்பதும் இதே பயமாக இருக்கலாம். தொழில் தொடங்குபவர் எல்லா வேலையும் தானே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியானால் நன்றாகப் பேசும் ஒரு பங்குதாரரைச் சேர்த்துக்கொள்ளலாமா? தாராளமாக. ஆனால் கையெழுத்துக்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பங்கு விகிதம் பற்றி உங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நஷ்டமும் சரிசமம். முதல் முழுக்க நீங்கள் போட்டிருந்தாலும் அப்படித்தான். தொழிலுக்காக அவர் போடும் ஒப்பந்தம் உங்களையும் கட்டும். வெளிக்கடன் ஏறினால் உங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் வரலாம். "நண்பன்தானே, எப்படிக் கேட்பது" என்று தயங்குபவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தால், யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை ரூபாய்க்கு மேல் இருவர் கையெழுத்து வேண்டும், யார் எந்த வேலை, பிரிந்தால் என்ன கணக்கு என்று ஒரு பக்கம் எழுதி அவரிடம் கொடுங்கள். அவர் அதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

அலசி ஆராய்பவருக்கு இன்னொரு வியாதி, தொடங்காமலே இருப்பது. சந்தை எவ்வளவு, போட்டி எவ்வளவு, மூன்று வருடத்தில் வருமானம் எவ்வளவு என்று எக்செல் தாள் வளர்ந்துகொண்டே போகும். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமனின் மாணவி சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோர் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவருடைய ஆய்வில் கிடைத்த முக்கியமான விஷயம், அவர்கள் எவ்வளவு வரும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது. வரப்போவதை யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. தாங்கக்கூடிய நஷ்டத்தை இன்று ராத்திரியே கணக்குப் போட்டுவிடலாம். ஆறு மாத வீட்டுச் செலவு, பிள்ளைகள் ஃபீஸ், மருத்துவத்துக்கு ஒரு தொகை, இவற்றை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவது இரண்டு லட்சம் என்றால், அந்த இரண்டு லட்சத்துக்குள் எதைச் செய்து பார்க்கலாம் என்று மட்டும் யோசியுங்கள். கூடவே தொடங்கும் தேதியையும் எழுதுங்கள்.

அடுத்தது ரேட். கோவை கணபதியில் ஒரு சிஎன்சி லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மெஷினுக்கு மணிக்கு 480 ரூபாய். ஒரு பீஸ் ஓட 5 நிமிடம் என்றால் 40 ரூபாய். டூல், செக்கிங், வண்டி வாடகை 6 ரூபாய். ஆக அடக்கம் 46. கொட்டேஷன் 52. பர்ச்சேஸ் மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "நாப்பத்தி நாலுக்குப் பண்ணித் தர ஆள் இருக்காங்க தம்பி" என்கிறார். சில விநாடி மௌனம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நம்மவர், "சரிங்க சார், பண்ணிக்கலாங்க" என்று சொல்லிவிடுகிறார். அடக்கம் 46 என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் 5,000 பீஸுக்குப் பத்தாயிரம் ரூபாய் நஷ்டத்தில் ஒரு ஆர்டர் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்.

உள்ளே போவதற்கு முன் மூன்று வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். சொல்லும் ரேட் 52. ஆர்டர் 5,000 பீஸுக்கு மேல் போய், 30 நாளில் பணம் வரும் என்றால் மட்டும் 49. அதற்குக் கீழே என்றால் வேண்டாம் என்று சொல்லும் கோடு. ரேட்டைச் சொன்னதும் பேசாமல் இருங்கள். பேச்சுக்காரர்களுக்கு அது கஷ்டம், உங்களுக்கு இயல்பு. அவர் அழுத்தினால், "மெஷின், டூல், வண்டி வாடகைன்னு பிரிச்சு மெயில்ல அனுப்பறேங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். பிரித்துக் காட்டிய கணக்கோடு வாதாடுவது எந்த பர்ச்சேஸ் மேனேஜருக்கும் சுலபமில்லை.

வாயாடிகள்தான் நிறைய விற்பார்கள் என்ற எண்ணமும் சோதித்தால் நிற்பதில்லை. உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், போனில் விற்பனை செய்யும் 340 பேரின் மூன்று மாத வருவாயைப் பார்த்தார். அதிகம் ஈட்டியவர்கள் கலகலப்புக்கும் அமைதிக்கும் நடுவில் இருந்தவர்கள். ரொம்பப் பேசுபவர்கள், பேசாதவர்களைவிடப் பெரிதாக முந்தவில்லை.

மேடைக் கூச்சம் மட்டும்தான் பிரச்சினை என்றால், அது பழக்கத்தில் குறையும். முதலீட்டாளர் வாரன் பஃபெட் இளவயதில் மேடைப் பேச்சைக் கண்டு நடுங்கியவர். டேல் கார்னகி பேச்சுப் பயிற்சிக்கு ஒருமுறை காசோலை கொடுத்து, பயத்தில் அதை நிறுத்தியும் வைத்தார். பிறகு ஒமாஹாவில் 100 டாலர் ரொக்கமாகக் கட்டிச் சேர்ந்தார். படித்தது மறந்துபோகாமல் இருக்க, ஒமாஹா பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு எடுக்கவும் தொடங்கினார்.

கடைசியாக வசூல். நல்ல வேலைக்காரர்கள் பலரின் தொழில் இங்கேதான் படுத்துவிடுகிறது. சரக்கு போய் மூன்று மாதம் ஆகியிருக்கும், போன் செய்து கேட்க வாய் வராது. "கேட்டா அடுத்த ஆர்டர் தராமப் போயிடுவாங்களோ" என்று தள்ளிப்போடுவார்கள். உங்களுக்காகச் சட்டமே பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்தால், கெடு தாண்டிய பாக்கியைக் கட்டும் வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெறவும் முடியாது. அதனால் மார்ச் மாதம் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடுவார்.

இந்த உரிமைகள் கிடைக்க உத்யம் என்ற அரசுப் பதிவு வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிந்து, அந்த எண்ணை எல்லா பில்லிலும் அச்சிடுங்கள். "45 நாளுக்குள் பணம்" என்ற வரியும் அதன் கீழே இருக்கட்டும். 30-வது நாள் ஒரு நினைவூட்டல், 40-வது நாள் ஒன்று, 46-வது நாள் வட்டிக் கணக்கோடு ஒரு கடிதம் என மூன்றையும் இப்போதே எழுதி வையுங்கள். அன்றைக்குத் தேதியும் தொகையும் போட்டால் போதும். இளகிய மனசுக்கு வேலையே இருக்காது. அதற்கும் மசியாதவர் மீது இணையத்திலேயே அரசிடம் புகார் பதியலாம். அது மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்துக்குப் போகும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பொருளை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் அட்வான்ஸ் வாங்காமல் சரக்கை இறக்கக் கூடாது.