மொட்டை மாடிக்குப் பானை ஸ்பீக்கர்

திருத்தணி வெயிலில் மாலையானால் அப்பா மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே கம்ப்யூட்டரின் சிறிய ஸ்பீக்கர்களில் நாதஸ்வரம் போட்டேன். "கொசு பாடுவது போல் இருக்கிறதே!" என்றார்.

காரணம் எளிது. அறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும். திறந்தவெளியில் அது கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பெட்டியில்லாத பெரிய ஸ்பீக்கரிலும் பாஸ் வராது. அதன் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டையும் பிரிக்க நம் கிராமத்தார் கண்ட வழி, மண்பானை!

செய்முறை:

1. 6 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு வாங்குங்கள். அவற்றின் விளிம்பு உட்காரும் அளவு வாயுள்ள பானைகளைத் தேர்ந்தெடுங்கள்.

2. பானைக்குள் சிறிது பஞ்சு வையுங்கள். வயருக்குத் துளையிட்டு, இடைவெளிகளை சிலிக்கான் பசையால் அடையுங்கள்.

3. கம்ப்யூட்டரின் பச்சை நிற லைன்-அவுட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும், அதிலிருந்து ஸ்பீக்கர்களுக்கும் இணைப்புக் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் பாஸ் குறையும்.

4. பானைகளைச் சுவரையொட்டிப் பிரிமணை மேல், கேட்பவரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பாஸ் கூடும்.

எச்சரிக்கை: ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். இப்படித்தான் என் முதல் ஆம்ப்ளிஃபயரை எரித்தேன்!

இப்போது அப்பா கட்டிலைப் பானைகளுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். சத்தத்தைக் கூட்டச் சொல்வதில்லை. அண்டை வீட்டாருக்கும் நிம்மதி.