வேலியும் பயிரும்: குறைமாதக் கருவின் மூளை

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழியை நாம் உலகியலுக்கே எடுத்தாளுதல் வழக்கம். அஃது உடலியலுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. கொப்பூழ்க்கொடி நெரிவுண்டாலோ, நச்சுக்கொடி முன்னரே பிரிந்தாலோ கருவுக்கு ஒட்சிசன் குன்றும். குறைமாதக் கருவில், நரம்பிழைகளுக்கு உறையிடும் கலங்கள் இன்னும் முதிராதன. ஆதலின் மூளையின் வெண்பகுதி எளிதிற் கேடுறும். பிழைத்த குழந்தைக்கு மூளைவாதம் நேர்தலும் உண்டு.

இக்கேடு ஒரே வீச்சில் முடிவதன்று. முதலில் ஒட்சிசன் இன்மையாற் சில கலங்கள் மடிகின்றன. குருதியோட்டம் மீண்டு நாட்கள் சென்றபின்னும் கேடு தொடர்கின்றது. மூளையின் காவலராகிய மைக்குரோகிளியா என்னுங் கலங்கள் கிளர்ந்தெழுந்து, அழற்சி விளைக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று டி. என். எவ். எனப்படுவது. அது மிகுந்தவழி நலமுள்ள கலங்களும் அழியும். வேலி பயிரை மேய்வது இவ்விடத்தேயாம்.

ஆயினும், இத்தாமதமே மருத்துவர்க்கு வாய்ப்பும் ஆகின்றது. நியூசீலாந்து ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் காண்க. செம்மறியாட்டின் குறைமாதக் கருவிற் கொப்பூழ்க்கொடியை 25 நிமிடம் அடைத்தனர். மூட்டழற்சிக்கு வழங்கும் எற்றனசெப்ற் என்னும் மருந்து டி. என். எவ். புரதத்தைத் தடுப்பது. அதனை 3 நாட் கழித்தே மூளையுட் செலுத்தத் தொடங்கினர். 21 நாளின் பின் நோக்கியபோது, வெண்பகுதி சிதைந்து குழியாதல் பெரிதும் குறைந்திருந்தது.

மாணவர் ஈண்டு இரண்டினை மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று, இச்சிகிச்சை நிர்ப்பீடனத்தை ஒடுக்குவதன்று, நெறிப்படுத்துவது. இறந்த கலங்களை அகற்றுவதும் மூளை வளர்ச்சிக்கு உதவுவதும் அக்காவற் கலங்களே. வேலியைப் பிடுங்குதல் நோக்கமன்று. அதனை வேலியாகவே நிற்கச் செய்தல் நோக்கம்.

மற்றொன்று, ஆட்டிற் கண்ட பயன் மகவுக்கும் உறுதி எனல் தகாது. நிறைமாத மகவை 6 மணிநேரத்துட் குளிரூட்டத் தொடங்குஞ் சிகிச்சை செல்வநாடுகளிற் பயன் தந்தது. அதனையே இலங்கை, இந்தியா, வங்காளதேச மருத்துவமனைகளில் 408 மகவிடத்துச் சோதித்து, 2021இல் வெளியிட்ட முடிவோ, குளிரூட்டப்பட்டோரிடை இறப்பு மிகுந்ததைக் காட்டிற்று.

3 நாட் சென்ற பின்னும் செய்யத்தக்கது ஒன்றுண்டு என்பது பெற்றோர்க்குப் பெரும் ஆறுதலாம். அவ்வாறுதல் பொய்யாகாதிருக்க, பொறுமையுடன் சோதித்தறிதல் வேண்டும். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் ஆர்வத்தோடு இப்பொறுமையையும் உடன்கொண்டு செல்வாராக.