பூச்சிக்கு மருந்து, மரைக்கு வேலி

கந்தப்பளையில் மரக்கறி பயிரிடும் எவரும் இந்தக் காட்சியை அறிவர். விடிகாலையில் பனி விலகும்போது தோட்டத்துக்குப் போனால், முதல் நாள் மாலை வரிசையாக நின்ற லீக்ஸ் பாத்தி மிதிபட்டுக் கிடக்கும். கரட் இலைகள் கடித்து இழுக்கப்பட்டிருக்கும். மண்ணில் பெரிய குளம்புகளின் தடம் காட்டுப் பக்கம் போயிருக்கும். விதைக்கும் பசளைக்கும் பட்ட கடன் இன்னும் தீர்ந்திருக்காது. அந்த நேரத்தில், "இதற்கு ஏதாவது மருந்து வைத்தால் என்ன?" என்ற எண்ணம் மனதில் எழுவது இயல்பே.

இன்னொரு பக்கம், மருந்து தெளிக்கும் முறையும் மாறி வருகின்றது. முதுகில் டாங்கி சுமந்து தெளித்த இடத்தில் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் அண்மைய ஆண்டுகளில் வயல்களுக்கும் சில தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்துள்ளது. வேலை விரைவாக முடிகின்றது, ஆட்கூலி குறைகின்றது. ஆனால் மேலிருந்து விழும் மருந்து எங்கே விழுகின்றது, யார் மேல் விழுகின்றது என்ற கேள்வி எம்முன் நிற்கின்றது.

பயிரையும் காக்க வேண்டும், காட்டு விலங்கையும் காக்க வேண்டும். இரண்டும் கூடுமா? இப்பாடத்தில் நாம் இதைச் சேர்ந்து ஆராய்வோம்.

1. நியூசிலாந்து தரும் பாடம்

வானிலிருந்து விஷம் இடுவதும் மானைக் காப்பதும் மோதிக்கொள்ளும் நாடு நியூசிலாந்து. 1837இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கம்பளி மயிருக்காக அங்கு கொண்டுவரப்பட்ட பொசம் என்ற விலங்கு பெருகிக் காடுகளை அழித்தது. மாடுகளுக்குக் காசநோயையும் பரப்பியது. அதை ஒழிக்க 1950களிலிருந்து "பத்து எண்பது" எனப்படும் விஷம் பயன்படுகின்றது. கரட் துண்டுகளிலோ தானிய உருண்டைகளிலோ விஷத்தைச் சேர்த்து ஹெலிகொப்டரிலிருந்து காட்டின் மேல் தூவுகின்றனர்.

அந்த உணவை மான்களும் தின்று இறந்தன. வேட்டைக்காரரும் மான் வளர்ப்போரும் எதிர்த்தனர். இதனால் மான் வெறுக்கும் மணமுள்ள பொருளை உருண்டைமேல் பூசும் முறை வந்தது. செலவு கூடுமாதலால் அது எல்லா இடங்களிலும் பயன்படுவதில்லை. முன்பு ஹெக்டயருக்கு 30 கிலோவுக்கும் மேல் தூவிய இடத்தில் இன்று 2 கிலோ அளவே தூவப்படுகின்றது. 2011இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் சுற்றாடல் ஆணையாளர் இவ்விஷயத்தை ஆராய்ந்து, இந்த விஷம் தொடரலாம் என்று அறிக்கை தந்தார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதை நாம் அப்படியே பின்பற்ற முடியுமா? முடியாது. நியூசிலாந்தின் சொந்தத் தரைப் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. பொசமும் மானும் வெளியிலிருந்து வந்தவை. அங்குள்ள மரைகளின் முன்னோர் 1875ஆம் ஆண்டளவில் எமது இலங்கையிலிருந்தே கொண்டுசெல்லப்பட்டவை! அங்கே விருந்தாளியாக இருக்கும் மரை இங்கே வீட்டுக்காரன். எமது காட்டில் மரையை உண்டு வாழும் சிறுத்தை உண்டு. அங்கே அது இல்லை. இங்கே ஒரு விலங்குக்கு வைக்கும் விஷம் பத்து விலங்குகளுக்குப் போய்ச் சேரும். ஆயினும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: இலக்கல்லாத விலங்கு எது என்பதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்; அளவைக் குறைக்க வேண்டும்.

2. காசர்கோடு தரும் பாடம்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் 4,500 ஹெக்டயருக்கு மேல் பரந்துள்ளன. முந்திரியைத் தாக்கியது தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சி. அதற்கு எதிராக 1970களின் பிற்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெலிகொப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. குன்றும் பள்ளமுமான நிலம் அது. குன்றின் மேல் விழுந்த மருந்து மழையோடு இறங்கிக் கிணறுகளுக்கும் ஓடைகளுக்கும் சென்றது. குழந்தைகளிடையே பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் பரவியதாக மக்கள் முறையிட்டனர்.

விவசாயத் திணைக்களத்தில் பணிபுரிந்த லீலாகுமாரி அம்மா என்ற பெண் நீதிமன்றம் சென்றார். 2000ஆம் ஆண்டில் வான்வழித் தெளிப்பு தடைசெய்யப்பட்டது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானையே தடைசெய்தது. 2017இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபா வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. இலங்கையில் இம்மருந்து 1998இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

எமது மலையகமும் குன்றும் பள்ளமுமே. மேலே தோட்டம், கீழே லயம், அதற்கும் கீழே பீலித் தண்ணீர். மேலே தெளிப்பது கீழே வந்து சேரும் என்பதைக் காசர்கோடு காட்டிவிட்டது.

3. எமது மலையகத்தின் பழைய பாடம்

தூர தேசம் போகாமல் எமது தேயிலையிலேயே ஒரு பாடம் உண்டு. 1930களில் டோட்ரிக்ஸ் எனப்படும் இலைப் புழு மலைநாட்டுத் தேயிலையைப் பெரிதும் சேதப்படுத்தியது. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டனர். அது புழுவின் உடலில் முட்டையிடும்; குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்னும். புழு கட்டுக்குள் வந்தது. விஷம் வாங்கும் செலவு இல்லை.

1950களில் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற வலுவான மருந்தைத் தெளித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் அக்குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. ஒரு பகைவனைக் கொல்லப் போய் எமது காவலனையும் கொன்றுவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத நண்பன் எவன் என்று அறியாமல் விஷம் இட்டால் இதுவே முடிவு.

4. மரை யார்?

மரை இலங்கையின் மிகப் பெரிய மான் இனம். ஆண் மரை 200 கிலோவுக்கு மேலும் வளரும். பகலில் காட்டுக்குள் மறைந்திருந்து இரவில் மேய வரும். பெண் மரை ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். ஆகவே அழிந்தால் விரைவில் பெருகாது. கந்தப்பளை–சீத்தா எலிய வனப் பகுதியைச் சுற்றி மரக்கறித் தோட்டமும் தேயிலையும் நெருங்கி நிற்கின்றன. காடு துண்டுபட்டுச் சுருங்கும்போது, பசளையிட்ட இளம் பயிர் மரைக்கு அருகிலுள்ள நல்ல உணவாகிவிடுகின்றது.

1937ஆம் ஆண்டின் வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரை பாதுகாக்கப்பட்ட விலங்கு. மரையைக் குறைத்தால் சிறுத்தை பசியால் லயத்து நாயைத் தேடி வரும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததை நாம் மறக்கவில்லை. அச்சுருக்கு காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டது என்றே கூறப்பட்டது. சுருக்குக்கும் விஷத்துக்கும் ஆள் அடையாளம் தெரியாது.

அதேவேளை ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரை நாட்டின் செல்வம் என்று எல்லோரும் பெருமைப்படுகின்றனர். அதன் தீனிச் செலவை மட்டும் காட்டோரத்தில் கால் ஏக்கர் வைத்திருக்கும் ஏழை சுமக்கின்றான். இது நீதியன்று. வேலியின் செலவில் ஊரும் தோட்ட நிர்வாகமும் அரசும் பங்கெடுத்தாலன்றி, "மரையைக் கொல்லாதே" என்ற அறிவுரை அவன் காதில் ஏறாது.

5. காற்றில் போகும் துளி

ட்ரோனின் மருந்துத் துளி எவ்வளவு தூரம் போகும்? மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவான துளி 3 மீற்றர் உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ 11 வினாடிகள் ஆகும். மெல்லிய காற்றில், அதாவது வினாடிக்கு 1 மீற்றர் வேகத்தில், அது 11 மீற்றர் தள்ளிப் போகும். ஐம்பதில் ஒரு பங்கு அளவான நுண்துளி விழ 4 நிமிடங்கள் ஆகும்; அது 250 மீற்றர் தள்ளிப் போகலாம். அதற்குள் வேலி, ஓடை, பிள்ளைகள் விளையாடும் இடம், மரை மேயும் புல் எல்லாம் வந்துவிடும். ட்ரோன் குறைந்த தண்ணீரையே சுமப்பதால், கையால் தெளிப்பதைவிட மருந்து கடுமையாகக் கலக்கப்படும் என்பதையும் நினைவிற்கொள்க.

6. நாம் செய்யக்கூடியவை

(அ) முதலில் எதிரியை அறிக. மரைக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. எனவே அது தின்ற இலை கிழிந்து தும்பாக இருக்கும். காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிப் புரட்டும். முள்ளம்பன்றி கிழங்கில் பல் பதித்துக் கடித்த அடையாளம் விடும்.

(ஆ) பூச்சிக்கு மருந்து, மரைக்கு வேலி. மரை நன்றாகத் தாண்டும். 6 அல்லது 7 அடி உயர வலை வேண்டும். பன்றிக்காக அடிப்பகுதியை மண்ணோடு இறுக்கிக் கட்டுக. தனித்தனியே கட்டுவதைவிடக் காட்டோரம் முழுவதும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேலி போட்டால் செலவு குறையும்.

(இ) உணவில் விஷம் கலந்து வைக்கவே கூடாது. அதைத் தின்ற விலங்கின் இறைச்சி எந்த வீட்டு அடுப்புக்குப் போகும் என்று எவருக்குத் தெரியும்?

(ஈ) காட்டோரத்திலும் ஓடையோரத்திலும் மருந்து படாத ஒரு பட்டையை விட்டுவைக்கவும். தெளித்த இலைக் கழிவைக் காட்டோரம் குவிக்க வேண்டாம். டாங்கியை ஓடையில் கழுவ வேண்டாம்.

(உ) பனிமூட்டம் படிந்து காற்று அசையாத நேரத்திலும், பலத்த காற்றிலும் தெளிக்க வேண்டாம். காடும் ஓடையும் இல்லாத பக்கத்துக்கு மெல்லிய காற்று வீசும் நேரமே நல்லது.

(ஊ) ட்ரோன் வந்தால் கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அது இப்பயிருக்குப் பதிவானதா? சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி உண்டா? கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை நாள் கழித்து மலைக்குள் போகலாம்? லயங்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்தாயிற்றா?

(எ) சேதத்தைத் திகதியோடு கொப்பியில் எழுதிவைக்கவும். பத்துப் பேரின் கொப்பியோடு விவசாயப் போதனாசிரியரிடமும் வனஜீவராசிகள் அலுவலரிடமும் சென்றால், அது தனி மனிதனின் புலம்பலாக இராது. ஊரின் கணக்காக இருக்கும்.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் கடந்த ஒரு வருடத்தில் எந்த விலங்கால், எந்த மாதத்தில் சேதம் அதிகம்?
2. எமது பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? அதன் மேலே யார், என்ன தெளிக்கின்றனர்?
3. காட்டோர வேலி ஒன்றைச் சேர்ந்து கட்டினால் யார் கூலி தருவார், யார் கம்பம் தருவார், யார் இரவுக் காவல் இருப்பார்?

மூன்றாவது கேள்விக்குப் பெயர்களோடு பதில் எழுதிய பின்னரே கூட்டத்தை முடியுங்கள். அடுத்த போகத்துக்கு மண் கொத்துவதற்கு முன் முதல் கம்பம் நாட்டப்படட்டும்.