பழைய ஃபண்டு, பத்திரமான ஃபண்டா?

நம்பிக்கை: “எனக்கு ரிஸ்க்கே வேண்டாம். அதனால்தான் ஷேர் பக்கமே போகாமல் ஃபண்டில் போட்டிருக்கிறேன்.”

மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் ஓய்வுபெற்றவர்கள் நிம்மதியோடு சொல்லிவந்த வார்த்தை இது. ஃபண்டு என்று அவர்கள் சொன்னது, 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டை. தாத்தா காலத்திலிருந்து தெரிந்த பெயர். வங்கியைவிடக் கூடுதல் வட்டி. முதிர்ந்த பணம் கைக்கு வரவில்லை என்று புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. சிக்கியிருப்பதாகச் சொல்லப்படும் பணம் 500 கோடி ரூபாய்க்கு மேல். தவித்து நின்றவர்களில் ஏராளமானோர் முதியவர்கள்.

உண்மை: இவர்கள் யாரும் துணிந்து விளையாடியவர்கள் இல்லை. எந்த ஆலோசகர் கேள்வித்தாளை நீட்டியிருந்தாலும் “அசல் குறையக் கூடாது” என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருப்பார்கள். நம் சுபாவம் சாது என்பதால் நாம் போட்ட பணமும் சாதுவாக இருந்துவிடாது. அது எங்கே போகிறது, யார் கண்காணிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஃபண்டு ஒரு ‘நிதி’ கம்பெனி, வங்கி அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல், ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையாது. அந்த ஒன்றிரண்டு சதவீதக் கூடுதல் வட்டி, இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்ததற்கான கூலி.

இந்த ஊர் இதை 1906-லேயே பட்டு அறிந்தது. மெட்ராஸில் மதிப்போடு விளங்கிய அர்பத்நாட் கம்பெனி அந்த அக்டோபரில் முறிந்து, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அடிக்குப் பிறகுதான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907-இல் இந்தியன் வங்கி உருவானது.

நம்பிக்கை: “சின்ன வயசு என்றால் எல்லாம் ஷேரில், அறுபது தாண்டினால் எல்லாம் எஃப்.டி.யில்.”

உண்மை: வயது பாதிக் கணக்குதான். நஷ்டத்தைத் தாங்கும் மனம் வேறு, தாங்கும் வசதி வேறு. தி.நகர் கடையொன்றில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண்ணுக்குத் துணிச்சல் எவ்வளவு இருந்தாலும், அடுத்த தை மாதக் கல்யாணத்துக்கான பணத்தை ஷேரில் வைக்க அவளுக்கு வசதி இல்லை. அடையாறில் சொந்த வீடும் பென்ஷனும் உள்ள எழுபது வயதுக்காரர், பத்து வருடம் தொடத் தேவையில்லாத ஒரு பங்கை இண்டெக்ஸ் ஃபண்டில் வைக்கலாம். வசதி இருந்தும் மனம் இடம் தரவில்லையென்றால் வேண்டாம். இரண்டில் எது குறைவோ அதுவே அளவு.

மனதின் அளவு சந்தை ஏறும்போது தெரியாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,000 பக்கம் வந்தது. பத்து லட்சம் நாலு லட்சமாகத் தெரியும் காலையில் விற்காமல் இருப்பீர்களா? படிவத்தில் ‘துணிச்சலானவர்’ என்று டிக் அடிக்குமுன் இதற்குப் பதில் வேண்டும்.

நம்பிக்கை: “தங்கம் இறங்கவே இறங்காது.”

உண்மை: 2011-இல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது, 2015 கடைசியில் 1,050-ஐ ஒட்டி வந்துவிட்டது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் தனி நஷ்டம்.

அசல் குறையவே கூடாது என்பவர்களுக்கு நேர்வழி உண்டு. அறுபது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். அதற்கு மத்திய அரசு பொறுப்பு. தபால் ஆபீஸிலேயே கணக்குத் தொடங்கலாம். மீதியை இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள். இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களின் டெபாசிட் ரசீதுகளை வாங்கிப் பாருங்கள்: கொடுத்தது வங்கியா, நிதி கம்பெனியா, நகைக்கடையா?